போர்க் ரைண்ட்ஸ்: கார்ப் பூஜ்யம் சரி, உடம்புக்கு நல்லதா?

கார்போஹைட்ரேட்டக் குறைச்சுச் சாப்பிடுற டயட்ட லோ கார்ப், கீட்டோ, பேலியோன்னு எந்தப் பேர்ல ஆரம்பிச்சாலும் முதல் வாரம் சாப்பாட்டு விஷயத்துல பெருசா கஷ்டம் தெரியாது, முட்டை, கறி, மீன், பனீர்னு சாப்பிட்டு வயிறு நிறைஞ்சிடும். ஆனா சாயங்காலம் டீ நேரம் வந்தா போச்சு, கடிச்சா மொறுமொறுன்னு இருக்கிற மாதிரி ஏதாவது வேணும்னு மனசு கெடந்து தவிக்கும். முறுக்கு கூடாது, மிக்சர் கூடாது, சிப்ஸ் கூடாது, பிஸ்கட் கூடவே கூடாது. அமெரிக்காவுல இருக்கிற நம்மாளுங்க பலபேர் இந்த நேரத்துலதான் கடையில சிப்ஸ் வரிசைக்குப் பக்கத்துல தொங்குற ஒரு பையக் கவனிக்கிறாங்க, அதுதான் போர்க் ரைண்ட்ஸ், பொரிச்ச பன்னித் தோல். திருப்பிப் பார்த்தா கார்போஹைட்ரேட் 0 கிராம், புரோட்டீன் 9 கிராம். இதவிட வேற என்ன வேணும்னு தோணும்ல.

ஆனா இது உடம்புக்கு நல்லதாங்கிறதுதான் புதுசா லோ கார்ப் ஆரம்பிக்கிறவங்க எல்லாரும் கேக்குற கேள்வி, அதனால என் முடிவ முதல்லயே சொல்லிடுறேன். கார்ப் விஷயத்துல பை சொல்றத நம்பலாம். புரோட்டீன் விஷயத்துல அந்த 9 கிராம அப்படியே கணக்குல எடுத்துக்கக் கூடாது. உப்பு விஷயத்துல ரொம்பவே ஜாக்கிரதையா இருக்கணும். எப்பவாச்சும் ஒரு கை அளவு சாப்பிடலாம், தினமும் பசிக்குச் சாப்பிடுற பொருள் இது கெடையாது. ஏன்னு ஒவ்வொண்ணா பாக்கலாம்.

மொதல்ல இது என்னன்னு தெரியாதவங்களுக்கு. பன்னியோட தோல்தான் இது. தோல நல்லாக் கழுவி, முடி எடுத்து, உள்பக்கம் ஒட்டியிருக்கிற கொழுப்பச் சுரண்டி எடுத்துட்டு, சின்னத் துண்டா வெட்டி, குறைஞ்ச சூட்டுல ரொம்ப நேரம் வேகவிடுவாங்க. இதுல கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமா உருகி வெளிய வந்துடும், தண்ணியும் பெரும்பாலும் போயிடும், கடைசியில கண்ணாடி மாதிரி ஒரு கெட்டியான துண்டு மிஞ்சும். நம்ம வீட்டுல ஜவ்வரிசி வத்தல் காயவெச்சு டப்பாவுல போட்டு வெப்போம்ல, கிட்டத்தட்ட அந்த நிலைமைதான், ரொம்ப நாள் வெச்சுக்கலாம். இதத் தூக்கி 200 டிகிரி கிட்ட சூடா இருக்கிற எண்ணெயில போட்டா உள்ள மிச்சம் இருக்கிற ஈரம் சட்டுனு ஆவியாகி, தோலு பல மடங்கு உப்பி, உள்ள பூரா காத்தோட பொரிஞ்சு வந்துடும். சூடா இருக்கிறப்பவே உப்பு, மசாலாத் தூள் தூவிடுவாங்க. அவ்வளவுதான். மாவு கெடையாது, கிழங்கு கெடையாது, அதனாலதான் கார்ப்பும் கெடையாது.

உலகத்துல பன்னிக்கறி சாப்பிடுற நிறைய ஊர்ல இது ஏதாவது ஒரு வடிவத்துல இருக்கு. மெக்சிகோல சிச்சரோன், அத பச்சைத் தக்காளிச் சட்னியில போட்டு ஊறவெச்சும் சாப்பிடுவாங்க. பிலிப்பைன்ஸ்ல இதே பேர்ல, மிளகாயும் பூண்டும் போட்ட வினிகர்ல தொட்டுச் சாப்பிடுவாங்க, பாசிப்பயறு குழம்பு மேல பொடிச்சும் தூவுவாங்க. தாய்லாந்துல சியாங் மாய் பக்கம் போனா கேப் மூன்னு கேளுங்க, சுட்ட பச்சை மிளகாய்த் துவையலோட தருவாங்க. இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கத்துல இருக்கிற பிளாக் கண்ட்ரி ஏரியாவுல போர்க் ஸ்கிராட்சிங்ஸ்னு பப்ல பீரோட சாப்பிடுற பழக்கம் இருக்கு, அது ரொம்பக் கெட்டியா இருக்கும், சில பாக்கெட்ல பல்லு நல்லா உறுதியா இருக்கிறவங்க மட்டும் சாப்பிடுங்கன்னே அச்சடிச்சிருப்பாங்க. அமெரிக்காவுல தென் மாநிலங்கள்ல பெட்ரோல் பங்க் கடையில எல்லாம் கெடைக்கிற சாதாரண தீனி இது, 1988 தேர்தல் நேரத்துல பெரிய புஷ், அதாவது அதுல ஜெயிச்சு அதிபரான ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ், தனக்குப் பிடிச்ச ஸ்நாக்ஸ்னு சொன்னதுல இன்னும் பிரபலம் ஆச்சு. அப்புறம் 2000களோட ஆரம்பத்துல டாக்டர் அட்கின்ஸ் டயட் அலை அடிச்சப்ப, கார்ப் இல்லாத சிப்ஸ்ங்கிற ஒரே காரணத்துக்காக வியாபாரம் மறுபடி ஏறுச்சு. இன்னைக்கு கீட்டோக்காரங்க வாங்குறது அதோட தொடர்ச்சிதான்.

இந்த வகைகள் எல்லாத்தையும் ஒண்ணா நினைச்சுடாதீங்க, இங்கதான் ஆரம்பத்துல நிறைய பேர் ஏமாறுறாங்க. ரைண்ட்ஸ்னா கொழுப்பு சுரண்டின தோல் மட்டும், லேசா, பொரி மாதிரி இருக்கும். கிராக்லிங்ஸ்னு போட்டிருந்தா தோலோட கொழுப்பும் சேர்ந்து இருக்கு, அதே எடைக்குக் கொழுப்பும் கலோரியும் ஜாஸ்தி, கடிக்கவும் கெட்டி. தாய்லாந்துலயும் கொழுப்போட, கொழுப்பு இல்லாமன்னு ரெண்டு விதமா தனித்தனியா விப்பாங்க.

மூணாவதா ஒண்ணு இருக்கு, லோ கார்ப் ஆளுங்களுக்கு அதுதான் உண்மையான ஆபத்து. அமெரிக்காவுல மெக்சிகன் கடைக்குப் போனீங்கன்னா சிச்சரோனஸ் தே ஹரினான்னு ஒண்ணு இருக்கும், சக்கரம் மாதிரி வட்டமாவோ சதுரமாவோ ஆரஞ்சு கலர்ல இருக்கும், பொரிஞ்ச விதமும் சத்தமும் அச்சு அசல் அதே மாதிரிதான். ஆனா அது முழுக்க கோதுமை மாவு. பன்னி வாசமே கெடையாது. சிச்சரோன்ங்கிற பேர மட்டும் பாத்துட்டு ஒரு பை காலி பண்ணினா அன்னைக்கு முழுக்க சாப்பிட வேண்டிய கார்ப் ஒரே உட்காரல உள்ள போயிடும். அதனால பேர விடுங்க, உள்ள என்ன போட்டிருக்குங்கிற வரிய மட்டும் படிங்க. முதல் வார்த்தை பன்னித் தோலா இருக்கணும்.

இப்ப கார்ப் கணக்கு. கீட்டோன்னா பொதுவா ஒரு நாளைக்கு 20லேர்ந்து 50 கிராம் கார்புக்குள்ள இருக்கணும்னு வெச்சுக்கிறாங்க, சாதாரண லோ கார்ப்ல 100 கிராம் வரைக்கும்கூட போவாங்க. உருளைக்கிழங்கு சிப்ஸ் 28 கிராம், அதாவது ஒரு சின்ன பாக்கெட், சாப்பிட்டா 15 கிராம் கார்ப் போயிடும். 20 கிராம் லிமிட்ல இருக்கிறவருக்கு முக்கால்வாசி அதுலயே முடிஞ்சுது. அதே 28 கிராம் போர்க் ரைண்ட்ஸ்ல பூஜ்யம். அமெரிக்காவுல அரை கிராமுக்குக் கம்மியா இருந்தா 0ன்னு போட்டுக்கலாம்னு லேபிள் விதி இருக்கு, ஆனா உப்பு மட்டும் போட்ட சாதா வகையில உண்மையாவே எதுவும் இல்ல. மாவுச்சத்து இல்லாததால சுகர் உள்ளவங்க சாப்பிட்டாலும் சிப்ஸ் மாதிரி சட்டுனு சுகர் ஏறாது. இந்த ஒரு விஷயத்துல சிப்ஸ விட இது நல்லதுதான், சந்தேகமே வேண்டாம்.

கூடவே நார்ச்சத்தும் பூஜ்யம்ங்கிறத மறந்துடுறோம். லோ கார்ப்ல பலபேருக்கு மலச்சிக்கல் வர்றதே நார்ச்சத்து குறைஞ்சு போறதாலதான், இது அதுக்கு ஒரு துளி உதவாது. சொல்லிக்கிற மாதிரி வைட்டமின்னும் எதுவும் இல்ல.

இப்ப பைய கையில எடுத்து நிதானமா பின்பக்கம் படிக்கலாம். மேல செர்விங் சைஸ், அதாவது ஒரு தடவ சாப்பிடுற அளவு, 14 கிராம்னு போட்டிருப்பாங்க, அதாவது அரை அவுன்ஸ். சிப்ஸ் பாக்கெட்ல வழக்கமா 28 கிராமுக்குக் கணக்கு போடுவாங்க, இங்க பாதிக்குப் போட்டிருக்காங்க, அதனால ரெண்டு பையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா போர்க் ரைண்ட்ஸோட கலோரி, கொழுப்பு, உப்பு எல்லாமே பாதியாத் தெரியும். கீழ 80 கலோரி, கொழுப்பு 5 கிராம், கார்ப் 0, புரோட்டீன் 9 கிராம்னு இருக்கும். கணக்கு சரிதான், 5 கிராம் கொழுப்புக்கு 45 கலோரி, 9 கிராம் புரோட்டீனுக்கு 36, கூட்டினா 80 சொச்சம். ஆனா 14 கிராம்ங்கிறது ஒரு கை அளவு, டிவி பாத்துக்கிட்டே சாப்பிட்டா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும், யாரும் அங்க நிறுத்துறது இல்ல. அதனால இனிமே நான் 28 கிராமுக்கே கணக்கு சொல்றேன், அதுதான் ஒருத்தர் உண்மையில சாப்பிடுற அளவுக்குப் பக்கத்துல இருக்கு. அமெரிக்க விவசாயத் துறையோட உணவு அட்டவணைப்படி 28 கிராம் சாதா போர்க் ரைண்ட்ஸ்ல சுமார் 150 கலோரி, 9 கிராம் கொழுப்பு, 17 கிராம் புரோட்டீன், 500 மில்லிகிராமுக்கு மேல சோடியம் (உப்புல இருக்கிறது).

17 கிராம் புரோட்டீன்னா கிட்டத்தட்ட மூணு முட்டை. அப்ப மூணு முட்டைக்குப் பதிலா இதச் சாப்பிட்டா போதுமான்னா, போதாது. இதத்தான் கொஞ்சம் பொறுமையா விளக்கணும்னு ஆசைப்படுறேன், ஏன்னா ஜிம் போற பசங்க, எடை குறைக்கிற அம்மாங்க எல்லாரும் சாப்பாட்டுக் கணக்கு எழுதுற ஆப்ல இந்த 17 கிராம எழுதிட்டு இன்னைக்கு புரோட்டீன் முடிஞ்சுதுன்னு நிம்மதியா இருந்துடுறாங்க.

நிறைய பிராண்ட் பைகள்ல நல்லா உத்துப் பாத்தா, அந்த சத்து அட்டவணைக்கு அடியில பொடி எழுத்துல ஒரு வரி இருக்கும், இது குறிப்பிடத்தக்க புரோட்டீன் உணவு இல்லைங்கிற அர்த்தத்துல. மேல 9 கிராம்னு போட்டுட்டு கீழ இப்படி ஒரு வரி. ரெண்டுமே உண்மைதான். நம்ம உடம்புக்கு 20 விதமான அமினோ அமிலம் வேணும், அதுல 9 மட்டும் உடம்பால தானா செஞ்சுக்க முடியாது, சாப்பாட்டுலேர்ந்துதான் வந்தாகணும். முட்டை, பால், மீன், கறி இதுல எல்லாம் அந்த ஒன்பதும் தேவையான அளவுல இருக்கு. தோல்ல இருக்கிற புரோட்டீன் பெரும்பாலும் கொலாஜன். கொலாஜன்ல ட்ரிப்டோஃபேன்ங்கிற அமினோ அமிலம் சுத்தமா இல்ல, இன்னும் ரெண்டு மூணு ரொம்பக் கம்மி. ஒன்பதுல ஒண்ணு இல்லைன்னாலும் உடம்பு அத வெச்சு தசை கட்ட முடியாது. புரோட்டீன் தரத்த 0லேர்ந்து 1 வரைக்கும் மார்க் போட்டு அளக்குற ஒரு முறை இருக்கு, அதுல முட்டைக்கும் பாலுக்கும் 1, கொலாஜனுக்கு 0. லேபிள்ல இருக்கிற கிராம் கணக்கு வெறும் எடை, அந்த மார்க் அதுல சேரல, அதுக்காகத்தான் அந்தப் பொடி எழுத்து.

அதுக்காக அந்த புரோட்டீன் முழுக்க வீண்னு அர்த்தம் இல்ல. அதே நாள்ல நீங்க முட்டை, சிக்கன், தயிர்னு சாப்பிடுறீங்கன்னா அதுலேர்ந்து வர்ற ட்ரிப்டோஃபேனோட சேர்ந்து இதுல இருக்கிற மத்த அமினோ அமிலங்களும் பயன்படும். கிளைசின், ப்ரோலின் ரெண்டும் இதுல நிறைய இருக்கு. ஆனா சாப்பாட்டுக்குப் பதிலா இத மட்டும் ஒரு பை சாப்பிட்டுட்டு புரோட்டீன் எடுத்தாச்சுன்னு நினைக்கிறதுதான் தப்பு. என் யோசனை, ஆப்ல இதோட புரோட்டீன பூஜ்யம்னே எழுதிக்கோங்க, கலோரிய மட்டும் சேருங்க. அன்னைக்கு வேண்டிய புரோட்டீன மத்த சாப்பாட்டுலேர்ந்தே முழுசா எடுத்துக்கோங்க.

கொலாஜன்னு சொன்னதும் அடுத்து வர்ற கேள்வியும் தெரியும், அப்ப முகம் பளபளன்னு ஆகுமா, முட்டி வலி போகுமான்னு. நம்ம சாப்பிடுற கொலாஜன் அப்படியே போய் முகத்துலயும் முட்டியிலயும் ஒட்டாது, வயித்துல துண்டு துண்டா உடைஞ்சுதான் உள்ள போகும். தோலுக்கு நல்லதுன்னு வர்ற ஆராய்ச்சி எல்லாம் ஏற்கனவே நுணுக்கமா உடைச்சுப் பவுடராக்கின கொலாஜன வெச்சுப் பண்ணினது, எண்ணெயில பொரிச்ச தோல வெச்சு இல்ல. அழகுக்காகன்னு யாராவது இத வாங்கச் சொன்னா கேக்காதீங்க.

கொழுப்பப் பத்தி ரெண்டு பக்கமும் கொஞ்சம் மிகைப்படுத்திப் பேசுறாங்க. 28 கிராம்ல இருக்கிற 9 கிராம் கொழுப்புல சுமார் 3 கிராம்தான் சாச்சுரேட்டட், அதாவது ஜாஸ்தியானா கொலஸ்ட்ரால ஏத்துற வகை, பாதி கிட்ட மோனோ அன்சாச்சுரேட்டட், ஆலிவ் ஆயில்ல இருக்கிற அதே ஒலியிக் அமிலம் அதுல முக்கியமானது. இதச் சொல்லியே கீட்டோ வீடியோல போர்க் ரைண்ட்ஸ ஆலிவ் ஆயில் ரேஞ்சுக்குத் தூக்கி வெச்சுடுறாங்க, அது ரொம்ப ஓவர். அமெரிக்க இதய சங்கம் 2000 கலோரி சாப்பிடுறவருக்கு சாச்சுரேட்டட் கொழுப்பு நாளைக்கு 13 கிராம் போதும்னு சொல்லுது, அதுல கால் பங்கு இந்த 28 கிராம்லயே வந்துடுது. ஏற்கனவே வெண்ணெய், சீஸ், நெய், பேக்கன்னு போற லோ கார்ப் தட்டுல இது மேல வந்து சேருது. லோ கார்ப்ல சிலருக்கு எல்டிஎல்ங்கிற கெட்ட கொலஸ்ட்ரால் நல்லாவே ஏறுது, எல்லாருக்கும் இல்ல, ஆனா யாருக்கு ஏறும்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ, மூணு மாசம் கழிச்சு ஒரு தடவ ரத்தத்துல கொழுப்பு பாக்குற லிப்பிட் டெஸ்ட் எடுத்துப் பாருங்க. ஏறியிருந்தா முதல்ல நிறுத்த வேண்டிய பொருள் இந்த மாதிரி தீனிதான், ஏன்னா இத விட்டா உடம்புக்கு எந்தச் சத்தும் குறையப் போறதில்ல.

எந்த எண்ணெயில பொரிச்சாங்கன்னும் பாருங்க. சில கம்பெனி பன்னிக் கொழுப்புலயே பொரிக்கிறாங்க, சிலபேர் வெஜிடபிள் ஆயில்ல. மைக்ரோவேவ்ல பொரிச்சுக்கிற மாதிரி காய்ஞ்ச துண்டாவும் கெடைக்குது, அதுல வெளிய இருந்து எண்ணெய் சேராததால கொழுப்பு கொஞ்சம் கம்மி. உப்பு மட்டும் அதுலயும் இருக்கும்.

அந்த உப்புதான் எனக்கு இருக்கிற பெரிய கவலை. சிப்ஸ்னா உப்பு ஜாஸ்தின்னு நமக்கு ஒரு எண்ணம் இருக்குல்ல, 28 கிராம் சாதா சிப்ஸ்ல சுமார் 150 மில்லிகிராம் சோடியம். அதே எடை போர்க் ரைண்ட்ஸ்ல 500க்கு மேல. மூணு மடங்கு. கார்புக்குப் பயந்து சிப்ஸ விட்டவர் உப்புல அதவிட மோசமான இடத்துக்குப் போயிடுறார், லேபிள்ல கார்ப் வரிய மட்டும் பாக்குறதால அது கண்ணுக்கே தெரியறதில்ல. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராம் சோடியத்துக்குள்ள, அதாவது 5 கிராம் உப்புக்குள்ள இருக்கச் சொல்லுது, ஹைதராபாத்ல இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024ல வெளியிட்ட வழிகாட்டுதல்லயும் அதே 5 கிராம்தான். ஒரு சின்ன தீனியிலயே அதுல கால் பங்கு போயிடுது. ஒரு பெரிய பை 140 கிராம்னு வெச்சுக்கோங்க, படம் பாக்குறப்ப தனியா ஒருத்தர் அத முடிச்சா 2500 மில்லிகிராம் சோடியம், 760 கலோரி. அன்னைக்குச் சாப்பிட்ட குழம்பு, ரசம், ஊறுகாய் எதுவும் இன்னும் கணக்குல வரவே இல்ல. பிராண்டுக்கு பிராண்ட் இந்த நம்பர் மாறும், அதனால நூறு கிராமுக்கு எவ்வளவுன்னு கணக்குப் பண்ணி ஒப்பிட்டு, கம்மியா இருக்கிறத எடுங்க.

இந்த இடத்துல கீட்டோ குரூப்ல ஒரு பதில் சொல்வாங்க, கீட்டோவுல உப்பு ஜாஸ்தி வேணும், அதனால கவலை இல்லன்னு. அதுல பாதி உண்மை இருக்கு. கார்ப் ரொம்பக் குறையறப்ப இன்சுலின் குறையுது, அப்ப கிட்னி வழக்கத்த விட அதிகமா சோடியத்தையும் தண்ணியையும் வெளியேத்துது, அதனாலதான் முதல் வாரம் தலைவலி, தலைசுத்தல், அசதி எல்லாம் வர்றது, கொஞ்சம் உப்புத் தண்ணியோ எலும்பு சூப்போ குடிச்சா சரியாகும். ஆனா இது கடுமையான கீட்டோவுல, அதுவும் ஆரம்பத்துல இருக்கிற நிலைமை. சோறு, சப்பாத்திய மட்டும் பாதியாக் குறைச்சுட்டு லோ கார்ப்ல இருக்கேன்னு சொல்ற நம்மாளுங்களுக்கு இது பொருந்தாது. 2023ல வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வுல இந்தியாவுல பெரியவங்கள்ல 35.5 சதவீதம் பேருக்கு பிபி இருக்குன்னு வந்துச்சு, அதாவது மூணு பேர்ல ஒருத்தருக்கு மேல. சுகருக்காக லோ கார்ப் ஆரம்பிக்கிறவங்கள்ல நிறைய பேருக்கு பிபியும் கூடவே இருக்கும். அவங்க இதத் தொடாம இருக்கிறதுதான் நல்லது, இருதயக் கோளாறு, கிட்னிப் பிரச்னை இருக்கிறவங்களும் அப்படித்தான்.

சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு இன்னொண்ணு, இது போர்க் ரைண்ட்ஸத் தாண்டின விஷயம்னாலும் சொல்லாமப் போக மனசு வரல. இன்சுலின் போடுறவங்க, கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க திடீர்னு கார்ப நிறுத்தினா சுகர் ரொம்ப இறங்கி மயக்கம் வரலாம். டாப்பாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறவங்க கீட்டோவுக்குப் போனா சுகர் நார்மலா காட்டும்போதே கீட்டோஅசிடோசிஸ்ங்கிற ஆபத்தான நிலைமை வர வாய்ப்பு இருக்கு. டாக்டர்கிட்ட சொல்லி மருந்த மாத்தாம யாரும் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

ஃப்ளேவர் வகைகள் பத்தி ரெண்டு வரி. பார்பிக்யூ, தேன் கலந்த மாதிரி டேஸ்ட், காரமும் இனிப்பும் சேர்ந்தது இதுல எல்லாம் சர்க்கரை, டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின்னு ஏதாவது ஒண்ணு இருக்கும். ஒரு செர்விங்குக்கு ஒரு கிராம் கார்ப்தான் வரும், பெருசா ஒண்ணும் இல்ல, ஆனா பையே காலியாச்சுன்னா பத்து கிராம் ஆயிடும். தோல், எண்ணெய், உப்புன்னு மூணே பொருள் இருக்கிற சாதா வகைய வாங்கி வீட்டுல மிளகுத்தூளோ மிளகாய்த்தூளோ தூவிக்கிறது நல்லது, எலுமிச்சை கொஞ்சம் பிழிஞ்சா இன்னும் டேஸ்டா இருக்கும், ஆனா பிழிஞ்ச உடனே சாப்பிட்டுடணும், இல்லைன்னா நமுத்துப் போயிடும்.

அப்ப மொறுமொறுப்புக்கு வேற என்ன பண்றதுன்னா, முதல் இடம் நான் கடலைக்குத்தான் குடுப்பேன். 28 கிராம் வறுத்த நிலக்கடலையில 160 கலோரி, 7 கிராம் புரோட்டீன், கார்ப் 4லேர்ந்து 6 கிராம், அதுல 2 கிராம் கிட்ட நார்ச்சத்து. நம்பர்ல 17க்கு முன்னாடி 7 சின்னதாத் தெரியும், ஆனா சிலது கொஞ்சம் கம்மியா இருந்தாலும் அந்த ஒன்பது அமினோ அமிலமும் இதுல இருக்கு. உப்பு போடாம வறுத்தா சோடியமும் கெடையாது. பாதாம், வால்நட்டும் அப்படித்தான். பசியாவே இருந்தா ஒரு அவிச்ச முட்டை, மிளகுத்தூள் போட்டு, 6 கிராம் முழுமையான புரோட்டீன், சோடியம் 60 சொச்சம்தான். பன்னிக்கறி சாப்பிடாத வீட்டுல இதுக்காக எதையும் இழந்துட்டோம்னு நினைக்கவே வேண்டாம், தோல்ல இருக்கிற எதுவும் வேற இடத்துல கெடைக்காதது இல்ல.

சாப்பிடுறவங்க இருந்தா, பையோட மடியில வெச்சுக்காம ஒரு சின்னக் கிண்ணத்துல 14 கிராம் எடுத்துக் கொட்டிட்டு பைய மூடி உள்ள வெச்சுடுங்க. தொட்டுக்க அவகாடோ மசிச்சு வெங்காயம், தக்காளி, பச்சை மிளகாய், எலுமிச்சை போட்ட குவாக்கமோலி வெச்சுக்கலாம், 100 கிராம் அவகாடோவுல 7 கிராம் கிட்ட நார்ச்சத்து இருக்கு, ரைண்ட்ஸ்ல அவ்வளவா இல்லாத பொட்டாசியமும் கெடைக்கும். குவாக்கமோலியில உப்பு போடாதீங்க, ரைண்ட்ஸ்ல இருக்கிறதே போதும். கெட்டித் தயிர்ல புதினா, சீரகத்தூள் கலந்தாலும் நல்லா இருக்கும்.

ஆனா இதுக்கு எனக்குப் பிடிச்ச உபயோகம் ஸ்நாக்ஸாவே இல்ல, சிக்கன் மேல பூசுறதுக்கு பிரெட் தூளுக்குப் பதிலாப் போடுறதுதான். ஒரு கை ரைண்ட்ஸ ஜிப் கவர்ல போட்டு சப்பாத்திக் கட்டையால உருட்டினா ரவை பதத்துக்குப் பொடியாயிடும். எலும்பில்லாத சிக்கன இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மஞ்சத்தூள் போட்டு ஊறவெச்சு, அடிச்ச முட்டையில முக்கி, இந்தப் பொடியில புரட்டி ஏர் ஃப்ரையர்ல 200 டிகிரியில 12லேர்ந்து 15 நிமிஷம், நடுவுல ஒரு தடவ திருப்பிப் போடணும். துண்டு பெருசா இருந்தா உள்ள வெந்துச்சான்னு ஒண்ண வெட்டிப் பாத்துக்கோங்க. மேல மொறுமொறுன்னு நல்ல கலர்ல வரும், மாவு ஒரு சிட்டிகை கெடையாது. நாலு பேருக்கு ஒரு கை ரைண்ட்ஸ்தான் செலவாகுது, அதனால ஆளுக்குப் போற உப்பும் கம்மி, புரோட்டீனும் சிக்கன்லேர்ந்தும் முட்டையிலேர்ந்தும் முழுசா வந்துடுது. சிக்கன ஊறவெக்கிறப்ப மட்டும் வழக்கமா போடுற உப்புல பாதி போட்டா போதும்.